சதுப்பு பிளட்வுட்: இது யூகலிப்டஸா, கோரிம்பியாவா?

கேள்வி – ஓடைக்கரை

வணக்கம். ஆஸ்திரேலியாவின் வடமுனையில், டார்வினுக்குத் தெற்கே உள்ள லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்காவில், கடந்த மார்ச் மாதம் ஊற்று நீர் கசிந்துகொண்டிருந்த ஒரு சேற்று நிலத்தில் ஒரு மரத்தைக் கண்டேன். இலைகள் ஒரு சாணுக்கும் அதிகமான நீளமும் நல்ல அகலமும் கொண்டிருந்தன. கிளை நுனிகளில் சிவந்த பூங்கொத்துகள் பாரம் தாங்காமல் தொங்கின. பூவில் இதழே இல்லை, நூல் நூலாக இருந்தது. பட்டையோ உரிந்து வழுவழுப்பாகாமல் அடி முதல் கிளை வரை சொரசொரப்பாகவே இருந்தது. உடன் வந்தவர் இதை யூகலிப்டஸ் என்றார். கையிலிருந்த ஒரு நூல் யூகலிப்டஸ் டிக்கோகார்ப்பா என்கிறது, மற்றொன்று கோரிம்பியா டிக்கோகார்ப்பா என்கிறது. தைலமரம் வறண்ட நிலத்து மரம் என்றே எண்ணியிருந்தேன். அது சேற்றில் நிற்குமா? இரண்டு பெயர்களில் எது சரி?

பதில் 1 – இலைச்சருகு

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சதுப்பு பிளட்வுட் மரத்துக்கே பொருந்துகின்றன. இரண்டு பெயர்களும் ஒரே மரத்தைத்தான் குறிக்கின்றன. அகஸ்டஸ் கிரெகரியின் தலைமையில் 1855–56இல் வட ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற ஆய்வுப் பயணத்தில் தாவரவியலாளராகப் பங்கேற்ற ஃபெர்டினாண்ட் வான் முல்லர், 1859இல் இதற்கு யூகலிப்டஸ் டிக்கோகார்ப்பா என்று பெயரிட்டார். 'டிக்கோகார்ப்பா' என்பது 'மடிப்புள்ள காய்' எனப் பொருள்படும் கிரேக்கத் தொடர்; காய்ந்த காயை எடுத்துப் பார்த்தால் நெடுக்குவாட்டில் ஓடும் வரம்புகளைக் காணலாம். 1995இல் கென் ஹில்லும் லாரி ஜான்சனும் பிளட்வுட் மரங்கள் அனைத்தையும் யூகலிப்டஸிலிருந்து பிரித்துக் கோரிம்பியா என்ற தனிப் பேரினமாக்கினார்கள். கிளை நுனியில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் விரியும் பூங்கொத்தின் பெயரே இந்தப் பேரினத்துக்கும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே இருவர் இம்மரத்தின் துணையினம் ஒன்றுக்கு, காயில் மடிப்பு இல்லாததால், 'மடிப்பற்றது' எனப் பொருள்படும் ஆப்டிக்கா என்ற பெயரைச் சூட்ட நேர்ந்தது.

இதழில்லாத பூவைப் பற்றி: இதழ்களெல்லாம் சேர்ந்து மொட்டின் மேல் ஒரு மூடியாகிவிடுகின்றன. மூடி கழன்று விழுந்ததும் மகரந்தத் தாள்கள் விரிகின்றன. நீங்கள் கண்ட சிவப்பு அவற்றின் நிறமே. இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கும் மரங்களும் உண்டு. 'நன்றாக மூடப்பட்டது' என்பதே யூகலிப்டஸ் என்ற சொல்லின் பொருள்.

பதில் 2 – சேற்றுவயல்

தைலமரம் வறண்ட நிலத்துக்கே உரியது என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில், மரே ஆற்றங்கரையின் பார்மா காட்டில், ஆற்றுச் செம்மரங்கள் ('ரிவர் ரெட் கம்' எனும் யூகலிப்டஸ் இனம்) மாதக்கணக்கில் வெள்ளத்தில் நின்று பழகியவை. கிழக்குக் கடற்கரையின் சதுப்புகளில் யூகலிப்டஸ் ரொபஸ்டா வளர்கிறது. சதுப்பு பிளட்வுட்டும் ஊற்றுகள், ஓடைக்கரைகள், ஈரம் வற்றாத பள்ளங்கள் ஆகியவற்றைத் தேடி நிற்பதுதான். மே முதல் அக்டோபர் வரை வறட்சி நிலவும் அந்த வடபகுதியில் ஆண்டு முழுதும் ஈரம் கிடைக்கும் இடம் அரிது என்பதால், இது காடெங்கும் பரவாமல் நீர் உள்ள இடங்களில் கொத்தாகத் தென்படுகிறது.

வேறொரு மரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்நிலங்களில், பளபளக்கும் வெண்ணிற அடிமரத்தோடு நிற்பது வேறு இனம்: யூகலிப்டஸ் ஆல்பா. அது திமோர் தீவிலும் வளர்வது. வறட்சியில் இலைகளை உதிர்த்துவிடும். இரண்டையும் பட்டையைக் கொண்டே பிரித்தறியலாம். பிளட்வுட் இலையில் நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்கமாக, ஏறத்தாழச் செங்குத்தாக ஓடும். அடிமரத்தில் காயம் பட்டால் செந்நிறப் பிசின் கசியும். அதனால்தான் 'இரத்த மரம்' என்ற பெயர்.

பதில் 3 – ஓடைக்கரை

விளக்கங்களுக்கு நன்றி. ஒளிப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காயில் வரம்புகள் தெளிவாகத் தெரிகின்றன. நான் எழுதும் குறிப்பில் எந்தப் பெயரை இடுவது? மேலும், இதை விதையிலிருந்து டார்வினில் வளர்க்கலாமா?

பதில் 4 – இலைச்சருகு

கோரிம்பியா என்றே இடுங்கள். பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் தந்தால் முந்தைய நூல்களில் தேடுவோருக்கு உதவும். அந்தப் பிரிவினை தேவையற்றது என வாதிடுவோர் உண்டு. ஆனால் மரபணு ஆய்வுகள் பிளட்வுட்களை யூகலிப்டஸைக் காட்டிலும் அங்கோஃபோரா என்ற உறவுப் பேரினத்துக்கு நெருக்கமானவையாகக் காட்டுகின்றன. அங்கோஃபோராவைத் தனிப் பேரினமாக வைத்துக்கொண்டு இவற்றை மட்டும் யூகலிப்டஸுக்குள் அடைப்பது முறையாகாது என்பது என் கருத்து.

வளர்க்கலாம். ஆனால் தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றிக் காய் பறிக்கக் கூடாது. நாற்றங்காலில் விதை வாங்குங்கள். தோட்டங்களில் காணும் குட்டையான 'சம்மர் ரெட்', 'சம்மர் பியூட்டி' வகைகள், தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் கோரிம்பியா ஃபிசிஃபோலியாவுடன் இது கலந்து பிறந்த கலப்பினங்கள். அவற்றின் விதை தாய்மரத்தைப் போல முளைக்காது என்பதால் ஒட்டுக் கட்டியே விற்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது காட்டு மரமே என்றால், 20 மீட்டர் வரை உயரக்கூடியதற்கு இடம் விட்டு, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, வறட்சி மாதங்களிலும் ஈரம் காயாத பள்ளத்தில் நடுங்கள்.