துப்பாக்கி உரிமை பற்றி யாரிடமாவது மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

டாலஸ் பக்கத்திலிருந்து:

போன கோடையில் தென்காசியிலிருந்து அப்பா வந்திருந்தார். முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவர். வந்த இரண்டாம் நாளே ஒரு கடை வாசலில் நின்றுவிட்டார். கண்ணாடிக் கதவில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு, 30.07 என்ற எண்ணோடு. லைசென்ஸ் உள்ளவரே ஆனாலும் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு வரக் கூடாது என்று அர்த்தம். மறைத்து எடுத்து வருவதைத் தடுக்க வேண்டுமானால் 30.06 என்று தனிப் பலகை மாட்ட வேண்டும். அது அங்கே இல்லை.

"அப்போ மறைச்சு வெச்சிருக்கிறவன் உள்ளே இருக்கலாமா?"

இருக்கலாம் என்றேன். 2021 செப்டம்பருக்குப் பிறகு டெக்சாஸில் பொது இடத்துக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோக லைசென்ஸே கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அன்று அவர் காய்கறியைப் பார்க்கவில்லை. ஆட்களின் சட்டை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். எழுபது வயது தாண்டியவர், நல்ல மனிதர், நாங்கள் ஊரில் இல்லையென்றால் எங்கள் புல்லையும் சேர்த்து வெட்டிவிடுவார். அப்பா கேட்டதைச் சொன்னதும் உள்ளே போய்ச் சட்டைப்பை அளவு அமெரிக்க அரசியல் சாசனப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். இரண்டாவது திருத்தம், 1791-இல் வந்தது, ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொற்கள். "அப்படியே தமிழில் சொல்லு" என்றார் அப்பா.

"சுதந்திரமான ஓர் அரசின் பாதுகாப்புக்கு நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை தேவை என்பதால், ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது."

"'என்பதால்' என்று அங்கே இருக்கா?"

இல்லை. 'பீயிங்' என்றுதான் இருக்கிறது.

"அப்படின்னா அது செயவென் எச்சம்டா. 'குடிப்படை தேவையாயிருக்க'. 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்றால் மழை இல்லாவிட்டால் நெல் இல்லை. 'ஞாயிறு பட வந்தான்' என்றால் சூரியன் மறையாவிட்டாலும் அவன் வந்திருப்பான். எச்சம் ஒன்றுதான், பொருள் வேறு. இது மழையா, ஞாயிறா?"

இதை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. புரிந்ததும் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஞாயிறுதான்" என்றார். விடுமுறைக்கு வந்திருந்த அவர் மகள் "மழை" என்றாள். குடிப்படையே இல்லாத நாட்டில் அந்த உரிமை எதற்கு என்று அவள் கேட்க, பெரியவரும் மகளும் ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். நாங்கள் நடுவில் காபி குடித்தோம்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

அட்லாண்டா:

அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள், ஆனால் ஒரு சின்னத் திருத்தம். 2008-இல் ஹெல்லர் வழக்கில், துப்பாக்கி வைத்திருப்பது தனி மனிதனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, முதல் பாதியை ஞாயிறாக எடுத்துக்கொள்ளவில்லை. அது காரணம்தான் என்று ஒப்புக்கொண்டார். காரணம் சொல்லியிருப்பதாலேயே உரிமைக்கு அது வேலி ஆகிவிடாது என்பதுதான் அவர் வாதம். மழை பெய்ததால் குடை கொடுத்தேன், மழை விட்டதும் பிடுங்கமாட்டேன் என்பது மாதிரி. எதிர்த் தீர்ப்பு எழுதிய ஸ்டீவன்ஸ், 'ஆயுதம் ஏந்துதல்' என்பதே படை சார்ந்த வழக்கு, குடிப்படையை வெட்டிவிட்டு வாசிக்க முடியாது என்றார். 1791-லிருந்து 217 வருடம், இது தனி மனிதனின் உரிமையா என்பதை உச்ச நீதிமன்றம் நேராகச் சொல்லவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

என் அனுபவம் வேறு. இங்கே ஒரு துப்பாக்கிக் கண்காட்சிக்கு நண்பன் இழுத்துப்போனான். ஒரு கடைக்காரர் மேசைக்குப் பின்னால் காந்தி படம்! கீழே, ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கிய சட்டம்தான் ஆங்கிலேயர் செய்ததிலேயே மிகக் கறுப்பானது என்ற பொருளில் ஒரு வரி. "உங்கள் ஆள்" என்றார் கடைக்காரர் பெருமையாக. அந்த வரி உண்மைதான், காந்தி எழுதியதுதான். ஆனால் அது 1918-இல் கேடா மாவட்டத்தில், முதல் உலகப் போருக்குப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கப் போட்ட துண்டறிக்கை. படையில் சேருங்கள், ஆயுதப் பயிற்சி கிடைக்கும், பிறகு அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லலாம் என்பது அதன் சாரம். வீட்டு அலமாரியில் துப்பாக்கி வைப்பது பற்றி அவர் பேசவே இல்லை. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "ஆள் சேர்த்தாரா? காந்தியா?" என்று வாயைப் பிளந்தார். படத்தைக் கழற்றவில்லை.

அப்புறம் வீட்டுக்கு வந்து நம் ஊர்க் கதையைத் தேடிப் படித்தேன். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு, இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் என்ற உறுப்பினர் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. இந்தக் காலத்தில் வலியுறுத்த வேண்டியது ஆயுதம் ஏந்தும் உரிமையை அல்ல, கடமையை என்றார். நாட்டுக்கு ஆபத்து வந்தால் எந்தக் குடிமகனையும் அரசு அழைக்க முடிய வேண்டும் என்ற அர்த்தத்தில். கவனியுங்கள், அவர் வாயிலும் 'ஆயுதம் ஏந்துதல்' ஸ்டீவன்ஸ் சொன்ன பொருளில்தான் வருகிறது.

நியூ ஜெர்சி:

நான் வாதமெல்லாம் செய்யவில்லை, மாட்டிக்கொண்டுதான் முழித்தேன். எச்-1பி விசாவில் இருந்தபோது ஆபீஸ் ஆட்கள் பென்சில்வேனியாவில் ஒரு ஷூட்டிங் ரேஞ்சுக்கு அழைத்தார்கள். "இது உன் அரசியல் சாசன உரிமை, வா" என்றான் டீம் லீட். போனேன், சுட்டேன், போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். மாமா பத்துத் தீ எமோஜி அனுப்பினார்.

இரண்டு வருடம் கழித்து வேறு விஷயமாக வக்கீலிடம் பேசும்போது உளறினேன். அவர் முகம் மாறிவிட்டது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. மானை வேட்டையாட லைசென்ஸ் வாங்கியிருந்தால் தப்பு இல்லை, காகிதத்தைச் சுட்டதால் தப்பு! கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை போய்விடும்.

ஆக, அந்த 27 சொற்களில் என் சண்டை 'மக்கள்' என்ற சொல்லோடுதான். வரி கட்டும்போது நான் மக்கள். ரேஞ்சில் நின்றால் இல்லை. டீம் லீடிடம் சொன்னேன், "அப்படியா, எனக்கே தெரியாதே" என்றான். அவனுக்கு ஏன் தெரியப் போகிறது?

சிகாகோ:

என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், கறுப்பினத்தவர், தென் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர். துப்பாக்கி என்றாலே எனக்கு ஆகாது என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். அவரும் ஆமோதிப்பார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: "2008-இல் இந்த ஊரின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து வழக்குப் போட்டது யார் தெரியுமா?" ஓட்டிஸ் மெக்டொனால்ட். எழுபது வயது தாண்டிய கறுப்பினத்தவர், வீட்டில் திருடர்கள் புகுந்து நொந்துபோனவர். 2010-இல் அந்த வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் இரண்டாவது திருத்தம் மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. அப்புறம் 1857-க்குப் போனார். டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆக முடியாது என்பதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, குடிமக்கள் ஆகிவிட்டால் அவர்கள் எங்கு வேண்டுமானாலும் ஆயுதம் எடுத்துச் செல்லலாம் என்று ஆகிவிடுமே என்பது. 1967-இல் பிளாக் பாந்தர்கள் என்ற கறுப்பினப் போராட்ட அமைப்பினர் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நடந்துபோனார்கள். அந்த வருடமே, குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு வெளியே நடமாடத் தடை விதிக்கும் சட்டத்தில் கவர்னர் ரீகன் கையெழுத்துப் போட்டார்.

"துப்பாக்கி எனக்கும் பிடிக்காது, என் தம்பி மகன் அதில்தான் போனான்" என்று முடித்தார். "ஆனா யார்கிட்ட முதல்ல பிடுங்குவாங்கன்னும் எனக்குத் தெரியும்." எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கனெக்டிகட்:

மன்னிக்கவும், எச்சம், காற்புள்ளி எல்லாம் படிக்கப் பொறுமை இல்லை. என் மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் ஒத்திகை: விளக்கை அணை, மூலையில் உட்கார், சத்தம் போடாதே. வீட்டில் பொம்மைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நியூடவுன் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். அங்கே 2012-இல் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் செத்தது 20 குழந்தைகள், 6 பெரியவர்கள். 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டேயில், அதுவும் பள்ளியில்தான், 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். அதற்கு ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் புருவென் வழக்கில், வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிக் காரணம் காட்டச் சொன்ன நியூயார்க் சட்டத்தை 6-க்கு 3 என்று தள்ளிவிட்டது. இனி எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் பழைய வரலாற்றோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமாம். 1791-இல் இருந்தது பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு குண்டு போடுகிற துப்பாக்கி.

பூங்காவில் ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கைப்பையில் துப்பாக்கி வைத்திருப்பவர். "என் குழந்தைக்காகத்தான் நானும் வெச்சிருக்கேன்" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதோம். ஒத்துப்போகவில்லை.

ஸ்டேட்டன் ஐலண்ட்:

டாலஸ் அண்ணா, குடிப்படை என்று போட்டது நல்லது. வேறு ஓரிடத்தில் ஒருவர் ஊர்காவற்படை என்று மொழிபெயர்த்திருந்தார். இலங்கையில் எங்கட பக்கத்தில் அது அரசாங்கம் துவக்குக் கொடுத்து நிறுத்தின ஆட்களின் பெயர். கேட்டாலே வயிற்றைப் பிசையும்.

எனக்கும் ஒரு கதை இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் என் நாட்டைக் கேட்டறிந்துவிட்டு, "உங்கட சனத்திட்ட துவக்கு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இருந்தது என்றேன். பிறகு கனநேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

டாலஸ் பக்கத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. அட்லாண்டா சார், திருத்தத்தை அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "அப்போ அவரும் மழைதான், ஆனா குளம் வற்றாதுங்கிறார்" என்றார்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் பெரியவர் அந்தச் சின்னப் புத்தகத்தை அப்பாவிடம் நீட்டி, ஓரத்தில் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பென்சிலால் எழுதினார். 'என்பதால்' போடவில்லை. 'தேவையாயிருக்க' என்றே எழுதினார். தானும் தன் மகளும் சண்டை போட்ட சொல் இதில் எது என்று பெரியவர் கேட்டார். அப்பா கடைசி இரண்டு எழுத்தின் மேல் விரலை வைத்தார். பெரியவர் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இவ்வளவு சின்னதா?" என்றார்.