ஒரே ஈத்துப் பூனைகள், ஒரே நாளில் பகை: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

சிட்டுவும் பஞ்சுவும் ஒரே ஈத்துக் குட்டிகள். ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துத்தான் தூங்குவார்கள். பல்லில் சீழ் வைத்ததால் சிட்டுவை டாக்டரிடம் கொண்டுபோய், மயக்க ஊசி போட்டுப் பல்லை எடுத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூடையைத் திறந்ததும் பஞ்சு வந்து மோந்து பார்த்தாள். காது மண்டையோடு ஒட்டிக்கொண்டது, அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல். அவ்வளவுதான், இரண்டும் கட்டிப் புரண்டன. கூடம் முழுக்க முடி பறந்தது. பயத்தில் சிட்டு அங்கேயே மூத்திரம் போய்விட்டாள்.

மாமியார் கொடியில் கிடந்த போர்வையை எடுத்து மேலே போட்டுப் பிரித்தார். கையை மட்டும் நடுவே விட்டுவிடாதீர்கள். பூனைக் கடி மேலே புள்ளியாகத்தான் தெரியும், கிருமி ஆழத்துக்குப் போய்ச் சீழ் பிடிக்கும். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரேபீஸ் பூனைக் கடியாலும் வரும்.

டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. கூட இருக்கும் பூனையை அவை அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் வாசனையால்தான். தினமும் கன்னத்தை உரசி உரசி ஒரு வீட்டு வாசனையை உண்டாக்கி வைத்திருக்கின்றன. சிட்டு மேல் ஸ்பிரிட், மருந்து, வேறு மிருகங்களின் வாடை எல்லாம் ஏறியிருந்தது. பஞ்சுவுக்கு அவள் யாரோ ஒரு அந்நியப் பூனை.

“ரெண்டு நாள் அடிச்சுக்கிட்டா தானா சரியாப் போயிரும்” என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு சண்டையும் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். நாங்கள் உடனே தனித்தனி அறையில் விட்டோம். தண்ணீர், கழிவுக்கான மண் தட்டு எல்லாம் தனி. பழைய பருத்தித் துணியால் ஒருத்தியின் கன்னத்தைத் தடவி, மற்றவள் படுக்கையில் போட்டோம். சீறல் அடங்கிய பிறகு, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வேகவைத்த மீன் வைத்தோம். முதலில் பஞ்சு துண்டைக் கவ்விக்கொண்டு கட்டிலடிக்கு ஓடிவிடுவாள். போகப் போகக் கதவோரமே உட்கார்ந்து தின்றாள். அதன் பிறகுதான் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். சில வாரம் ஆனது. இப்போது மறுபடி ஒரே மெத்தை.

*

அக்கா, எங்க வீட்டுல டாக்டர்கிட்ட யாரும் போகவே இல்ல. சன்ஷேடுல ஒரு தெருக் கடுவன் வந்து உட்கார்ந்தது. கண்ணாடிக்கு உள்ளே இருந்த எங்க ஆண் பூனைக்கு அதை எட்ட முடியல. பக்கத்துல சும்மா படுத்திருந்த எங்க பெண் பூனை மேல பாய்ஞ்சுட்டான். அந்தக் கோபம் சீக்கிரம் இறங்காது, மணிக்கணக்கா நிக்கும். அவனை இருட்டா இருக்குற அறையில தனியா விட்டோம். ஜன்னலோட கீழ்ப்பாதியில அட்டை ஒட்டினதும்தான் வீடு அமைதியாச்சு. திட்டவோ அடிக்கவோ செய்யாதீங்க. நம்மளைப் பார்த்தும் பயப்பட ஆரம்பிச்சிடும்.

*

வயசான பூனை திடீர்னு சிடுசிடுத்தா முதல்ல ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்க. எங்க கிழவிக்குத் தைராய்டு கூடியிருந்தது. மூட்டு வலி இருந்தாலும் கிட்ட வர்ற பூனையை அடிக்கும். வலிக்குதேன்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க. பூனை உடம்பால அதை முறிக்க முடியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடும்.