பொத்தான் ஸ்டார்ட் வண்டியா, சாவி போட்ட வண்டியா: கடலோர ஊருக்கு எது சரிப்படும்?

மண்டபத்துக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். அப்பாவும் நானும் ஓட்டுவதற்காக ஒரு கார் வாங்கப் போகிறோம். நாங்கள் பார்த்திருக்கும் காரின் நடு மாடலில் சாவியைத் திருகித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். மேல் மாடலில் சாவி சட்டைப் பையில் இருந்தாலே கதவு திறக்கிறது, பொத்தானை அமுக்கினால் எஞ்சின் ஓடுகிறது. விலை வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளலாம், என் கவலை வேறு. எங்கள் வீடு தென்கடலை ஒட்டி இருக்கிறது. ஷெட் இல்லாததால் வண்டி வேப்பமரத்தடியில்தான் நிற்கும். கேட்டின் கீல், ஜன்னல் கம்பி, ஏசியின் வெளி யூனிட் என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் எலக்ட்ரானிக் சாவியை நம்பலாமா? தனுஷ்கோடிக்குப் போன இடத்தில் சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, விரல் மூட்டுகளில் வலி இருப்பதால் சாவியைத் திருகவே சிரமப்படுகிறார் என்பதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

கீழக்கரை எலக்ட்ரீஷியன் எழுதியது:

தம்பி, வண்டி வயரிங் வேலைதான் என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இன்றைக்கு வரும் சாதாரண சாவியும் வெறும் இரும்பு அல்ல. அதன் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி தேவைப்படாத ஒரு சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் (coil) அந்தச் சிப்பை அடையாளம் கண்ட பிறகுதான் எஞ்சின் ஓட அனுமதி கிடைக்கும். பொத்தான் வண்டியில் இதோடு இன்னொரு ஏற்பாடும் சேர்கிறது. கதவின் கைப்பிடியில் உள்ள பட்டனை அமுக்கியதும் வண்டி 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சாவியை அழைக்கிறது. சாவி ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருந்தால், 433 மெகாஹெர்ட்ஸில் தன் குறியீட்டைப் பதிலாக அனுப்புகிறது. இந்தப் பதிலை அனுப்பத்தான் சாவிக்குள் 3 வோல்ட் பட்டன் பேட்டரி வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் அது 2032 என்ற எண் கொண்டது, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

அந்தப் பேட்டரி தீர்ந்தாலும் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. சாவியின் பக்கவாட்டில் உள்ள சிறு விசையைத் தள்ளினால் உள்ளேயிருந்து மெல்லிய இரும்புச் சாவி ஒன்று வெளியே வரும். அதைக் கொண்டு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, பிரேக்கையோ கிளட்சையோ மிதித்துக்கொண்டு, ரிமோட்டை, அதாவது அந்த எலக்ட்ரானிக் சாவியை, ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் எஞ்சின் கிளம்பும். பேட்டரி தேவைப்படாத அதே வகைச் சிப் இந்த ரிமோட்டுக்குள்ளும் இருப்பதே காரணம். சில வண்டிகளில் ரிமோட்டை வைக்கத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள், வண்டியோடு தரும் கையேட்டில் அது இருக்கும்.

கடலோர வண்டிகளில் நான் பார்க்கும் சிக்கல் எல்லோரும் பயப்படும் இடத்தில் வருவதில்லை. ஸ்டார்ட் பொத்தான் வண்டிக்குள் இருப்பதால் உப்புக்காற்று அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. கதவின் கைப்பிடியில் ரப்பர் மூடிய சின்ன பட்டன் இருக்கிறதே, அதுதான் முதலில் போகும். ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்ததும் உப்பு ஈரம் உள்ளே இறங்கி, செம்புத் தகட்டில் பச்சையாகக் களிம்பு பிடித்துவிடும். தொட்டாலே உணரும் வகைக் கைப்பிடியில் இந்தத் தொல்லை குறைவு. வாங்கும் முன் எந்த வகை என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பொத்தான் வண்டிக்காரர்கள் கதவின் சாவித் துவாரத்தைப் பயன்படுத்துவதே இல்லை. பயன்படுத்தாத துவாரத்தில், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கொண்டுவரும் பொடி மணலும் உப்பும் சேர்ந்து இறுகிவிடுகின்றன. ரிமோட் செத்துப்போன அன்றைக்குத்தான் அதில் இரும்புச் சாவியை நுழைத்துப் பார்க்கிறார்கள், அது திரும்பாது. ஆகவே மாதம் ஒருமுறையாவது அந்தச் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டித் திறந்து பழக்குங்கள். எண்ணெய் விட வேண்டாம், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் போடுங்கள். இதை ஒழுங்காகச் செய்பவர் மேல் மாடலைத் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து.

ராமேஸ்வரம் வாடகை ஓட்டுநர் எழுதியது:

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் பொத்தான் வண்டி ஓட்டுபவன் என்ற முறையில் தண்ணீர் விஷயத்தைச் சேர்த்துச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து சொந்தக் காரில் வருபவர்கள் ரிமோட்டை இடுப்பிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொண்டு அக்னி தீர்த்தக் கடலில் இறங்கிவிடுகிறார்கள்; அதன் பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் ஊற்றிக்கொள்கிறார்கள். திரும்பி வந்து ஈர வேட்டியோடு காருக்குப் பக்கத்தில் நின்று ரிமோட்டை உதறிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தாலே மனம் கஷ்டப்படும். கிணற்று நீரைவிடக் கடல் நீர் பல மடங்கு மோசமானது, ஏனென்றால் காய்ந்த பிறகும் உப்பு தங்கி மின்சாரத்தைக் கடத்தும். கடல் நீர் பட்டால் உடனே பட்டன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ரிமோட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையை அலசி, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே புதுப் பேட்டரி போட வேண்டும். இரண்டாவது ரிமோட்டை வீட்டில் ஒருவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பதும் அவசியம், புதிதாக ஒன்று வாங்கிப் பதிவு செய்யப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

தம்பி, உங்கள் வீட்டில் இரண்டு பேர் ஓட்டப் போவதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட் வண்டியை விட்டுப் போனால், எச்சரிக்கை ஒலி வருமே தவிர எஞ்சின் நிற்காது. நீங்கள் ராமநாதபுரம் ஸ்டேஷனில் ரிமோட்டைப் பையில் வைத்தபடியே இறங்கி ரயில் ஏறிவிட்டால், அப்பா உச்சிப்புளி தாண்டி வீடு வரைக்கும்கூட ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஆனால் வழியில் டீ குடிக்க வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இறங்குபவர் ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு இறங்குவது என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி வாசகர் எழுதியது:

திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி சாவியை அழைக்கும் அலையைக் காருக்குப் பக்கத்தில் நின்று ஒரு கருவியால் வாங்கி, வீட்டுக்கு வெளியே சாவிக்கு அருகில் நிற்கும் இன்னொருவரின் கருவிக்குக் கடத்தி, சாவி அருகிலேயே இருப்பதாக வண்டியை நம்பவைக்க முடியும். சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள். அதன் பிறகு, அசையாமல் கிடந்தால் தானே உறங்கிவிடும் சாவிகளும், அலை போய்வரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கண்டுபிடிக்கும் சாவிகளும் வந்திருக்கின்றன. நீங்கள் வாங்கும் மாடலில் இவற்றில் எது உண்டு என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் சிக்னல் தடுக்கும் பையில் ரிமோட்டை வையுங்கள். பையோடு காருக்கு அருகில் போய்க் கைப்பிடியை அமுக்கும்போது கதவு திறக்கக் கூடாது, திறந்தால் பை உதவாது. வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும் என்பதால் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பழைய சாவியில் ஆபத்தே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததற்கு சாவியால் திருகும் இக்னிஷன் சுவிட்சின் கோளாறே காரணம். கனமான சாவிக் கொத்தின் இழுப்பிலும் குலுக்கலிலும் சாவி தானாகத் திரும்பி, ஓடும்போதே எஞ்சின் நின்று, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அதே நாட்டில், பொத்தான் வண்டியில் சாவியை உருவ வேண்டிய பழக்கம் இல்லாததால் எஞ்சினை அணைக்க மறந்து இறங்கி, வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவால் இறந்தவர்களும் உண்டு. உங்களுக்கு ஷெட் இல்லாததால் அந்த ஆபத்து குறைவு. ஆயினும் கடல் இரைச்சலில் எஞ்சின் சத்தம் கேட்காமல் போகலாம் என்பதால், மீட்டரில் விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு இறங்கும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.

மண்டபத்துக்காரர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவின் விரல் வலியை நினைத்து மேல் மாடலுக்கே மனம் சாய்கிறது. ஒரு சந்தேகம் மட்டும் மீதியிருக்கிறது. ரிமோட் நன்றாக இருந்து, வண்டியின் பெரிய பேட்டரி இறங்கிவிட்டால், பழைய வண்டியைப் போல நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியுமா?

கீழக்கரை எலக்ட்ரீஷியன் எழுதியது:

கியர் வண்டியாக இருந்து, பெடலை மிதிக்காமல் பொத்தானை அமுக்கும்போது மீட்டர் விளக்குகள் எரிந்தால், இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளிப் பார்க்கலாம். விளக்கே வரவில்லையென்றால் தள்ளக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டு விலகாமல் வண்டி நேராகப் போய் எதிலாவது இடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது. எனவே இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி வண்டியில் கிடக்கட்டும். அடுத்த வண்டிக்காரர் உதவினால் சில நிமிட வேலைதான். அப்போதும் பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் வண்டிக்கு உள்ளே இருக்கிறது, பேட்டரி செத்த வண்டியில் கதவு ரிமோட்டுக்குத் திறக்காது. மாதம் ஒருமுறை பூட்டித் திறக்கச் சொன்ன அந்த இரும்புச் சாவியால்தான் உள்ளே போக முடியும்.