பயண நிதி கிடைத்துவிட்டது, பணம் எப்போது கைக்கு வரும்?

பிஎச்.டி மூன்றாம் ஆண்டில் எஃப்பிசாக் மாநாட்டுக்கு என் கட்டுரை தேர்வானது. 1988-இல் பிரான்சின் லீல் நகரத்தில் தொடங்கிய இயற்கணித காம்பினேட்டரிக்ஸ் (எண்ணிக் கணக்கிடும் முறைகளை ஆராயும் கணிதப் பிரிவு) மாநாடு அது. நவம்பர் வாக்கில் 12 பக்கத்துக்குள் சுருக்கம் அனுப்பிவிட்டு, பேச்சா, போஸ்டரா, ஒன்றுமே இல்லையா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்குப் போஸ்டர். கூடவே பயண நிதியும் கிடைத்தது. குதித்த குதியில் கடிதத்தின் கடைசிப் பத்தியைச் சரியாகப் படிக்கவில்லை. முதலில் நாம் செலவழிக்க வேண்டும், திரும்பி வந்து ரசீது கொடுத்தால்தான் பணம்.

உதவித்தொகையில் மாதத்தை ஓட்டும் மாணவரிடம் இப்படிச் சொல்வது, எங்களுக்குக் கொஞ்ச நாள் கடன் கொடு என்று கேட்பது மாதிரிதான். விமானச் சீட்டை அக்காவின் கிரெடிட் கார்டில் போட்டேன். பணம் வந்தது மாநாடு முடிந்து ஐந்தாவது மாதம்.

அவ்வளவு இழுத்ததற்குக் காரணம் ஒரு போர்டிங் பாஸ். தெர்மல் தாளில் அச்சிட்டது, பையின் முன்னறையில் கிடந்து வெளுத்துப்போய், என் பெயரில் நான்கு எழுத்துதான் மிச்சம். கணக்குப் பிரிவில் ஏற்கவில்லை. விமான நிறுவனத்திடம் எழுதி, நான் பயணம் செய்தேன் என்று சான்று வாங்குவதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது.

போனது வீணில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். போஸ்டர் முன் நின்ற ஒரு பேராசிரியர், 1 முதல் 6 வரை எண்கள் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் ஏறும்படி 2×3 கட்டத்தை நிரப்பும் ஐந்து யங் டேப்லோக்களையும் கையேட்டின் பின்னட்டையில் பென்சிலால் வரைந்தார். என் இருபுறச் சார்பை (ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் விதி) ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த லெம்மா (துணைத் தேற்றம்) எதற்கு?" என்றார். உண்மையிலேயே தேவைப்படவில்லை. நான்கு பக்க நிரூபணம் ஒன்றரைப் பக்கமானது.

* * *

மேலே எழுதியவருக்குப் பணம் தலைவலி, எனக்கு அதைவிட விசாதான். மாநாடு ஷெங்கன் நாட்டில், அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றில். அழைப்புக் கடிதத்தில் "உங்களை வரவேற்கிறோம்" என்று அன்பாக எழுதியிருந்தார்கள், செலவு யாருடையது என்று ஒரு வரி இல்லை. விசா கவுண்டரில் கேட்ட முதல் கேள்வியே அதுதான். திருத்திய கடிதம் வரும்வரை கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணம், தங்குமிடம், பதிவுக் கட்டணம் இதில் எதெதை அவர்கள் ஏற்கிறார்கள் என்று கடிதத்தில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நாமே கேட்டால்தான் எழுதுவார்கள்.

* * *

என்னைப் போன்ற போஸ்ட்டாக் ஆட்களின் (பிஎச்.டி முடித்துத் தற்காலிக ஆராய்ச்சி வேலையில் இருப்பவர்கள்) கதையையும் யாராவது கேளுங்கள். மாணவருக்கான நிதிக்கு வயது கடந்துவிட்டது, ஆசிரியருக்கான நிதிக்கு வேலை நிரந்தரமில்லை. ஒரு தடவை அமெரிக்க அரசு நிதி கிடைத்தது. அந்தப் பணத்தில் பொதுவாக அமெரிக்க விமான நிறுவனத்தின் சீட்டுதான் எடுக்க முடியும் என்பது சட்டம். வேறு நிறுவனத்தின் விமானமாக இருந்தாலும், சீட்டில் அமெரிக்க நிறுவனத்தின் விமான எண் இருந்தால் ஒத்துக்கொள்வார்கள். தெரியாமல் மலிவான சீட்டை எடுத்து மாட்டியிருப்பேன், முன்பு அதே தப்பைச் செய்த நண்பன் தடுத்தான்.

* * *

நான் ஒரு மாநாட்டில் நிதி பிரிக்கும் குழுவில் இருந்தவன். முழு எண்களின் பிரிவினை (ஒரு எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாகப் பிரிப்பது) பற்றிப் பேச வருகிறவர்களுக்கு ஒரு தொகையைப் பிரித்துக் கொடுக்க எங்களுக்கு மூன்று சாயங்காலம் ஆனது!

பேச்சோ போஸ்டரோ உள்ளவர்கள் முதலில், அதிலும் கைடிடம் ஆராய்ச்சி நிதி இல்லாதவர்கள் முன்னால். அப்புறம்தான் மற்றவர்கள். அதனால் உங்கள் ஆய்வின் பெருமையை ஒரு பக்கம் எழுதாதீர்கள், அதைத் தேர்வுக்குழு ஏற்கெனவே படித்தாயிற்று. வேறு எங்கே விண்ணப்பித்தீர்கள், எவ்வளவு குறைகிறது, பாதி கிடைத்தாலும் வர முடியுமா, இதை எழுதுங்கள். "தங்குமிடம் மட்டும் கொடுத்தால் போதும்" என்று எழுதிய ஒரு பெண்ணுக்கு முதல் சாயங்காலமே ஒதுக்கிவிட்டோம். கைடின் கடிதம் இரண்டு வரி இருந்தாலும் போதும், ஆனால் கெடுவுக்குள் வர வேண்டும். நல்ல விண்ணப்பங்கள் சில அதனாலேயே விழுந்தன.

முதலில் எழுதிய தம்பிக்கு: முன்பணம் கேட்டுப் பார்த்தீர்களா? பல இடங்களில் விமானச் சீட்டை அமைப்பாளர்களே எடுத்துக் கொடுக்க வழி உண்டு. விதியில் எழுதியிருக்காது, கேட்கிறவர்களுக்குச் செய்வோம்.

* * *

அண்ணா, முதலில் எழுதியவன் நான்தான். இந்த ஆண்டு வேறொரு மாநாட்டுக்கு நிதி கிடைத்திருக்கிறது. நீங்கள் சொன்னதும் எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில்: சீட்டை அவர்களே எடுக்கிறார்களாம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் மட்டும் அனுப்பச் சொன்னார்கள். தங்குமிடத்துக்குத்தான் ரசீது கொடுக்க வேண்டும். இந்தத் தடவை கையில் வாங்கியதுமே போட்டோ எடுத்துவிடுவேன்.