இளைஞர்கள் நிறைந்த பேஸ்பால் அணியில் மூத்த வீரருக்கு இடம் ஏன்?

கேள்வி:
வணக்கம். 108 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு 2016-இல் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற சிகாகோ கப்ஸ் அணியின் ஆட்டங்களை மீண்டும் பார்த்து வருகிறேன். கிரிஸ் பிரையன்ட்டுக்கும் வில்சன் கான்ட்ரேராஸுக்கும் அப்போது வயது 24. ஹாவியர் பயேஸுக்கு 23. இவர்களுடன் 39 வயது கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) டேவிட் ராஸும் இருந்தார். முந்தைய ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி 0.176 (பத்து முறை மட்டை பிடித்தால் இரண்டு முறைகூட வெற்றியடி இல்லை), அடித்த ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே அடிப்பது) ஒன்றே ஒன்று. 25 பேருக்கே இடமுள்ள அணியில், இளம் வீரர் ஒருவரை வளர்த்திருக்கக்கூடிய இடத்தை அவருக்குக் கொடுத்தது சரிதானா? ஓய்வறையில் அவர் இருப்பதே பலம் என்கிறார்களே, அதை எதைக்கொண்டு அளப்பது?

மறுமொழி 1:
ராஸ் ஓய்வறைக்காக மட்டும் அழைக்கப்பட்டவர் அல்லர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்து எடுக்கப்பட்ட பிட்சர் (பந்து வீசுபவர்) ஜான் லெஸ்டர் முதல் தளத்துக்குப் பந்தை எறியத் தடுமாறுபவர். அதைப் பயன்படுத்தித் தளம் திருட, அதாவது மட்டையடி இல்லாமலே அடுத்த தளத்துக்கு ஓட, முனைபவர்களைத் தம் எறியால் கட்டிவைக்க, பாஸ்டனிலேயே அவரோடு பழகிய ராஸ் தேவைப்பட்டார். அந்த உலகத் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தைப் பாருங்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் இறங்கியதும் ராஸ் எறிந்த பந்து தவறிப்போனது; அடுத்து லெஸ்டர் வீசிய பந்து தரையில் பட்டு அவருடைய முகக்கவசத்தில் மோதித் தெறிக்க, அவர் நிலைதடுமாறி எழுவதற்குள் எதிரணியின் இரண்டு பேர் ஓடி முடித்து ஓட்டம் எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் அடுத்த இன்னிங்ஸிலேயே எதிரணிப் பிட்சர் ஆண்ட்ரூ மில்லரின் பந்தை ஹோம் ரன் அடித்தார். பிழை செய்த பின் எப்படி நிற்பது என்பதை இளைஞர்கள் கண்ணெதிரே கண்டார்கள். அதற்கு எண் கிடையாது, ஆனால் அது நடந்தது.

மறுமொழி 2:
வழிகாட்டுபவர் மூத்தவராகவே இருப்பார் என்ற எண்ணத்துக்கு ஒரு சிறு திருத்தம். அதே ஆட்டம் 6-6 எனச் சமனாகி மழையால் 17 நிமிடம் நின்றபோது, எடைப்பயிற்சி அறையில் அனைவரையும் கூட்டிப் பேசியவர் ராஸ் அல்லர். அணியின் 27 வயது வீரர் ஜேசன் ஹேவர்ட். அந்தப் பருவம் முழுவதும் மட்டை கைகொடுக்காத நிலையில்தான் அவர் பேசினார், மற்றவர்களும் கேட்டார்கள். எனவே தலைமையை வயதோடு மட்டும் முடிச்சுப் போட வேண்டாம்.

மறுமொழி 3:
மறுபக்கமும் உண்டு. 2017-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியும் இளம் வீரர்களுக்கு வழிகாட்டியாக 40 வயது கார்லோஸ் பெல்ட்ரானை வைத்திருந்தது. எந்த வகைப் பந்து வீச வேண்டும் என்று எதிரணிக் கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைக் கேமரா மூலம் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டி மட்டையாளருக்குத் தெரிவித்த முறைகேட்டைப் பற்றி 2020-இல் வெளியான பேஸ்பால் ஆணையர் அறிக்கையில் பெயர் சொல்லப்பட்ட ஒரே வீரர் அவர்தான். மேலாளர் ஹிஞ்ச் உடன்பாடில்லாமல் அந்தக் கேமராக் காட்சி தெரிந்த திரையை இருமுறை உடைத்தாரே தவிர, வாய்திறந்து தடுக்கவில்லை. மூத்தவரின் சொல்லுக்கு அணியில் எடை அதிகம்; அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டைக் கணக்கைவிட அவருடைய நடத்தையை நான் முதலில் விசாரிப்பேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இளைஞரின் இடம் பறிபோனதோ என்ற என் கவலைக்கும் விடை கிடைத்துவிட்டது: ராஸ் ஓய்வுபெற்ற மறு ஆண்டு கான்ட்ரேராஸே முதன்மைக் கேட்சர் ஆனார், 2018-இல் இரு லீகுகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை, கப்ஸ் அணி ஆடும் தேசிய லீகின் கேட்சராகத் தொடங்கினார்.