இன்னும் 10 நாளில் எலக்ட்ரிக் வண்டி வருகிறது. வீட்டில் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

ரைட்_போலாம் (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கம். அரசுப் பேருந்தில் 33 வருடம் நடத்துநராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். வயது 61. ஊரையே ஏற்றி இறக்கியவன்தான், ஆனால் எனக்கென்று ஒரு சைக்கிளைத் தவிர வேறு வண்டி இருந்ததில்லை. டிப்போவுக்குப் பஸ், வீட்டுக்குப் பஸ். தேவைப்படவில்லை.

இப்போது முதல் வண்டி புக் செய்திருக்கிறேன். எலக்ட்ரிக் ஸ்கூட்டர். கம்பெனி பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை, சொன்னால் இங்கே சண்டை ஆரம்பித்துவிடும். ஓசூரில் செய்த வண்டி, பேட்டரி 3 யூனிட்டுக்குச் சற்று மேல். அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் டெலிவரி என்றார்கள். வீட்டில் 'செவ்வாயா?' என்று ஒரு குரல் வந்தது. அதனால் புதன் காலை.

காத்திருக்க முடியாமல் நான் செய்து வைத்திருப்பவை: திண்ணைக்கு ஏற ஒன்றரை அடி உயரம், கொத்தனாரை வைத்துச் சிமெண்ட் சரிவு போட்டாயிற்று. வண்டி நிற்கும் இடத்தில் சாக்பீஸால் 1.8 மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டிருக்கிறேன். பேரன் தினமும் அதற்குள் உட்கார்ந்து 'டுர்ர்' என்கிறான். இந்த வண்டிக்கு டுர்ர் கிடையாது என்று சொன்னால் ஏமாந்துபோகிறான். ஹெல்மெட் இரண்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கியாயிற்று. கொண்டையும் பூவும் வைத்துக்கொண்டு அதை எப்படி மாட்டுவது என்று சம்சாரம் கேட்கிறாள், என்னிடம் பதில் இல்லை. எலுமிச்சம்பழம் கொல்லையிலேயே இருக்கிறது.

கேட்க வேண்டியது மூன்று.

ஒன்று, சார்ஜ் போட. ஓட்டு வீடு, வயரிங் 1990க்கு முன்னால் செய்தது. திண்ணையில் 15 ஆம்ப் பிளக் ஒன்று புதிதாகப் போட்டாயிற்று. அது போதுமா? கிரைண்டரைத் தொட்டால் சில நாள் விறுவிறு என்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.

இரண்டு, ஐப்பசி கார்த்திகையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். கரண்டும் போகும். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் தெருவுக்கு 19 நாள் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் இந்த வண்டி என்ன ஆகும்?

மூன்று, லைசென்ஸ் இருக்கிறதா என்று ஷோரூமில் அந்தப் பெண் கேட்டது. இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். கண்டக்டர் லைசென்ஸ். அந்தப் பெண் சிரித்ததில் பக்கத்து டேபிளே திரும்பிப் பார்த்தது. அப்புறம் டாக்டரிடம் 1-ஏ படிவத்தில் கையெழுத்து வாங்கி எல்.எல்.ஆர். எடுத்துவிட்டேன், இன்றோடு 12 நாள். டெலிவரி அன்று சம்சாரத்தைப் பின்னால் உட்காரவைத்து ராஜகோபாலசுவாமி கோயிலுக்குப் போய், மதில் ஓரமாக ஒரு சுற்று சுற்றி, அப்படியே வீட்டுக்கு 8 கிலோமீட்டர் வந்துவிடலாம் என்று திட்டம். புதிதாக ஓட்டுபவன் கவனிக்க வேண்டியது எதுவென்றாலும் சொல்லுங்கள்.

---

எக்ஸெல்_பக்தன் (ஞாயிறு, இரவு 10.05)

அண்ணே, டெல்டாவில் இருந்துகொண்டு பேட்டரி வண்டியா? டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட் ஒன்று எடுத்திருந்தால் நெல் மூட்டையும் ஏற்றலாம், தண்ணீரிலும் போகலாம், எந்த மெக்கானிக்கும் பார்ப்பான். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கேன்சல் செய்யலாம்.

---

மின்தச்சன் (ஞாயிறு, இரவு 11.20)

ஐயா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கிரைண்டர்.

தொட்டால் விறுவிறு என்றால் உங்கள் வீட்டில் எர்த் சரியாக இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். புதிய பிளக் பளபளப்பாக இருக்கும், அதன் மேல் ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயர் எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் போய்த் திறந்து பார்த்த பழைய வீடுகளில் பாதிக்கு மேல் அந்த வயர் பெட்டிக்குள் சும்மா சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பிளக்கில் எர்த் இல்லை என்று சார்ஜருக்குத் தெரிந்தால் சில வண்டி சார்ஜே ஏறாது, சிவப்பு விளக்கு காட்டி நிற்கும். டெலிவரி எடுத்த அன்று இரவு அதைப் பார்த்து முழித்தவர்கள் நிறைய.

உங்கள் எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்கள். டெஸ்ட் லேம்ப் வைத்து அந்தப் பிளக்கில் முதலில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே குண்டு பல்பை எரியவிடச் சொல்லுங்கள். அடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும். இரண்டிலும் ஒரே வெளிச்சம் என்றால் சரி. இரண்டாவதில் மங்கினாலோ எரியாமலே போனாலோ எர்த் குழியைத் தோண்ட வேண்டியதுதான். வீட்டில் ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அந்த இரண்டாவது சோதனையில் அது டப்பென்று விழும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் விழ வேண்டும். நீங்களே செய்து பார்க்காதீர்கள் ஐயா, இது ஆள் வைத்துச் செய்யும் வேலை.

குழி என்றால் ஜி.ஐ. பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுவது. கொல்லையில் குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம் போட்டால் ஈரம் காயாது. சித்திரையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்து வயர். உங்கள் வண்டி சார்ஜர் இழுப்பது ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுதான். ஆனால் அயர்ன் பாக்ஸைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம், இது நாலைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய வயரில் முறுக்கி இணைத்த இடம் ஏதாவது இருந்தால் அங்கே சூடேறும். ஓட்டுக்குக் கீழே மரச்சட்டம் வேறு. அதனால் மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், லோடு கூடினால் விழும் 16 ஆம்ப் எம்.சி.பி. தனியாக, கரண்ட் கசிந்தால் விழும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். பிளக்கை இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள், தண்ணீர் வரும் தெரு என்கிறீர்களே.

---

தஞ்சை டீச்சர் (திங்கள், காலை 6.15)

சார், வாழ்த்துகள். நான் மூன்று வருடமாகத் தினமும் 31 கிலோமீட்டர் ஓட்டுகிறேன்.

இந்த வண்டியில் சத்தம் இல்லை என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அதுதான் முதல் மாதம் ஆபத்து. ஆன் ஆகி இருப்பதே நமக்கு மறந்துபோகும். எனக்கு இரண்டாவது நாள் நடந்தது: வாசலில் இறங்கினேன், அணைக்கவில்லை, பையை எடுக்கக் குனியும்போது கை ஆக்சிலரேட்டரில் பட்டது. வண்டி என்னை விட்டுவிட்டுப் போய்த் துளசி மாடத்தில் முட்டி நின்றது. மாமியார் இன்றுவரை விருந்தாளிகளிடம் சொல்கிறார். அதனால் வண்டி நின்றதும், இறங்கும் முன்பே ஆஃப், அப்புறம்தான் மற்றது. சரிவில் தள்ளி ஏற்றும்போதும் ஆஃப் செய்துவிட்டுத் தள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்களைவிட சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது சீக்கிரம் வரும். இரண்டு பிரேக்கும் கையில்தான். பேலன்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. பழக வேண்டியது வலது மணிக்கட்டு ஒன்றுதான். வண்டி வருவதற்கு முன்பே யாருடைய ஸ்கூட்டரையாவது வாங்கி ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள். வந்த பிறகு ஒரு மாதத்துக்கு வேகம் குறைவான எகோ மோடை விட்டு வெளியே வராதீர்கள்.

தெருநாய்க்கும் இந்த வண்டி பிடிபடாது. படுத்த நாய் எழுந்திருக்காது. கோயில் வீதியில் வயதானவர்களுக்கும் அதே கதைதான், ஹாரன் அடித்துக்கொண்டே போக வேண்டும்.

மழை விஷயம். நனைவதால் ஒன்றும் ஆவதில்லை, நான் கார்த்திகை முழுதும் நனைந்துதான் போகிறேன். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 என்று போட்டிருப்பார்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்த அளவு அது. அதற்காக முழங்கால் தண்ணீரில் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. தண்ணீர் ஏறுகிறது என்றால் திண்ணைக்கு ஏற்றிவிடுங்கள், அந்தச் சரிவு போட்டது நல்ல வேலை. பிரஷர் வாஷ் மட்டும் அடிக்காதீர்கள். சார்ஜ் குழிக்குள் ஈரம் இருந்தால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் செருகுங்கள்.

ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். தினமும் 100 சதவீதம் வரை ஏற்ற வேண்டிய அவசியமில்லை, நான் 80-இல் எடுத்துவிடுவேன். முழுச் சார்ஜ் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை உங்கள் வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். கம்பெனி சொல்லும் கிலோமீட்டரில் முக்கால் பங்கு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்.

---

பச்சை நம்பர் (திங்கள், காலை 8.50)

பெரியப்பா மாதிரி இருப்பவரிடம் இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு பெரியம்மாவைப் பின்னால் ஏற்றக் கூடாது. சொல்லிக்கொடுக்கும், லைசென்ஸ் உள்ள ஆளைத் தவிர வேறு யாரும் பின்னால் உட்காரக் கூடாது என்பது விதி. முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுத்து ஒட்ட வேண்டும். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் எட்டுப் போடக் கூப்பிடுவார்கள். உங்கள் கணக்குப்படி டெலிவரி அன்று 21 அல்லது 22 நாள்தான் ஆகியிருக்கும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் இதைத்தான் தோண்டுவார்கள்.

டெலிவரி எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். மாலை போட்டு போட்டோ எடுக்கும் முன்பே பாருங்கள். சேஸிஸ் நம்பர், மோட்டார் நம்பர், சார்ஜர் நம்பர் மூன்றும் பில்லோடு ஒத்துப்போக வேண்டும். ஃபாரம் 21-இல் (விற்பனைச் சான்று) தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், பழைய ஸ்டாக்கா என்று அதில் தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் தாளில் மூன்றாம் நபருக்கு 5 வருடம் இருக்கும், சொந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நம்பர் பிளேட் பச்சையில் வெள்ளை எழுத்து. ஊரில் நாலு பேர் 'இது என்ன கலர்?' என்று கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

எக்ஸெல் அண்ணனுக்கு: கஜா சமயத்தில் நான் பட்டுக்கோட்டையில் இருந்தேன். கரண்ட் இல்லாமல் பங்க்கிலும் பெட்ரோல் போட முடியவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த பங்க்கில் ஒன்றரைக் கிலோமீட்டர் வரிசை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை 100 வரை ஏற்றி வைத்தால், தினம் மன்னார்குடி போய் வந்தாலும் நாலைந்து நாள் ஓடும். பிறகு ஜெனரேட்டர் இருக்கும் மண்டபத்தில் கெஞ்ச வேண்டியதுதான், செல்போனுக்குக் கெஞ்சியது மாதிரி.

---

ரைட்_போலாம் (சனி, மதியம் 2.30)

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மின்தச்சன் தம்பி, நீங்கள் சொன்னதுதான். இரண்டாவது சோதனையில் பல்பு கோயில் கருவறை விளக்கு மாதிரி எரிந்தது. பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது கொல்லைச் சுவர் வரை போய், அங்கே ஒரு ஆணியில் சுற்றியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த ஆணிதான் எங்கள் எர்த். அதில்தான் நான் துண்டு காயப்போடுவேன். இப்போது குழி போட்டாயிற்று, தனி லைனும் இழுத்தாயிற்று. கிரைண்டர் இப்போது சாதுவாக இருக்கிறது. வண்டி வராமலே வீட்டுக்கு ஒரு நல்லது.

எக்ஸெல் தம்பி, உங்கள் அன்புக்கு நன்றி. முப்பத்து மூன்று வருடம் நின்றுகொண்டே போன முழங்கால் இது, கிக்கர் என்றாலே வலிக்கிறது. மூட்டை ஏற்றும் வேலையும் எனக்கு இல்லை. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால் கரண்ட் பில்லில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் கூடும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் பில் இருநூறு யூனிட்டைச் சுற்றித்தான் வரும், 500 யூனிட்டைத் தாண்டும் பேச்சே இல்லை. பெட்ரோலில் அதே 1000 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் ஆகும். கண்டக்டரிடம் கணக்கில் ஜெயிக்க முடியாது.

டீச்சரம்மா, மச்சான் மகனுடைய ஸ்கூட்டியை வாங்கி நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் நாலு நாள் ஓட்டினேன். சீசன் இல்லாததால் காலியாகக் கிடக்கிறது. முதல் நாள் மணிக்கட்டு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இரண்டாவது நாளே எட்டு வந்துவிட்டது. இறங்கும் முன்பே ஆஃப் என்று தினமும் பேரன் சத்தமாகச் சொல்கிறான், என்னைவிட அவனுக்கு நன்றாக மனப்பாடம். ஹாரன் விஷயத்தில் கவலை வேண்டாம், கூட்டத்தை விலக்கும் தொண்டை எனக்கு இன்னும் இருக்கிறது.

பச்சை நம்பர் தம்பி, உங்கள் பதிலைச் சம்சாரத்திடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 'கூட்டிப் போகிறேன் கூட்டிப் போகிறேன் என்று முப்பது வருடம் சொன்னீர்கள், இன்னும் ஒரு பத்து நாள்தானே' என்றாள். ஹெல்மெட் தப்பித்ததில் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்று எனக்குச் சந்தேகம்.

புதன்கிழமைத் திட்டம் மாறிவிட்டது. காலையில் இருவரும் பஸ்ஸில் ஷோரூம் போகிறோம். தாள் எல்லாம் பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலில் அர்ச்சனை. அப்புறம் 11.10 டவுன் பஸ்ஸில் அவள் ஏறிக்கொள்வாள், பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. நான் எல் போர்டு ஒட்டிய வண்டியில் நல்ல இடைவெளி விட்டுப் பின்னால் வருவேன். ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் நின்று போகும் பஸ், என் வேகத்துக்குச் சரியாக இருக்கும். அதில் கண்டக்டர் என்னிடம் பழகிய பையன்தான். அவள் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வருவாளாம். நான் விழுந்தால் ஒரு விசில் அடித்து நிறுத்தவேண்டும் என்று அவனிடம் இப்போதே போனில் சொல்லி வைத்திருக்கிறாள்.