கள்ளு வடிச்சு வாட்டர் பம் ஓட்டலாமோ? கலந்து பார்த்தன், நிண்டுபோச்சு

விசுவமடு தோட்டக்காரன்:
ரெண்டு இஞ்சி பெற்றோல் பம். மிளகாய்த் தோட்டத்துக்கு மணித்தியாலம் ஒரு லீற்றர் குடிக்குது. கள்ளை வடிச்சு அதில ஓட்டலாமெண்டு மச்சான் சொல்லுறான். வடிக்க முதல் சோதிச்சுப் பாப்பமெண்டு, கடையில வாங்கின 70 வீத ஸ்பிரிற்றைப் பெற்றோலோட பாதிக்குப் பாதி கலந்து விட்டன். நாலு தரம் இருமிப்போட்டு நிண்டிட்டுது. இப்ப எவ்வளவு இழுத்தும் ஸ்ரார்ட் இல்லை.

பழைய மெக்கானிக்:
தம்பி, மிச்சக் கலவையைக் கண்ணாடிப் போத்தில்ல விட்டு அசையாம வையும். ரெண்டு படையா நிக்கும். கீழ நிக்கிறது தண்ணியும் ஸ்பிரிற்றும். தாங்கியில குழாய் அடியில இருக்கிறபடியா முதல்ல அதுதான் காபரேற்றருக்குப் போகும். தாங்கியையும் காபரேற்றருக்கு அடியில இருக்கிற பவுலையும் வடிச்சு, பிளக்கைக் காயவையும்.

விசுவமடு தோட்டக்காரன்:
அண்ணை சொன்னது சரி, அடியில மூண்டு விரல் உயரத்துக்குத் தெளிவா நிக்குது. அப்ப தண்ணியில்லாம வடிச்சா ஓடுமோ?

கெமிஸ்ரி வாத்தி:
சாதாரணமா எத்தினை தரம் வடிச்சாலும் நிறைப்படி 95.6 வீதத்தோட நிண்டிடும். அதைத் தனிய விட்டும் இயந்திரம் ஓடும், ஆனா காபரேற்றரில எரிபொருள் வாற துளையை, அதுதான் ஜெற், பெருப்பிக்க வேணும்: நிறைப்படி ஒரு பங்கு பெற்றோல் எரியக் காத்து 14.7 பங்கு, இதுக்கு 9 தான். கணக்கைப் பாருங்கோ. கள்ளில மதுசாரம் 5 வீதம் எண்டா, 100 லீற்றர் வடிச்சாலும் 5 லீற்றருக்கு மேல வராது. சக்தியும் பெற்றோலின்ர மூண்டில ரெண்டு பங்குதான். அதாவது உங்கட பம்முக்கு மூண்டு மணித்தியாலச் சொச்சம். விறகுச் செலவு வேற.

பழைய மெக்கானிக்:
90களில பொருளாதாரத் தடைக்க, காபரேற்றருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைச்சு, சூடேற மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின ஆக்கள் நாங்கள். அந்த நாளிலயும் கள்ளு வடிச்சு ஓட்டின ஒருத்தரையும் நான் காணேல்லை. வடிச்சதைக் குடிக்காம மிசினுக்கு விட ஆருக்கு மனம் வரும்? அனுமதியில்லாம வடிச்சா மதுவரிக்காரர் கசிப்பு, கள்ளச்சாராயம் எண்டுதான் எழுதுவினம், பம்முக்கெண்டா சிரிப்பினம். அடுப்படியில ஆவி கசிஞ்சு பத்தினா, பகல் வெளிச்சத்தில அந்த நெருப்பு கண்ணுக்கும் வடிவாத் தெரியாது.

விசுவமடு தோட்டக்காரன்:
தாங்கியை வடிச்சுத் துடைச்சுப் புதுப் பெற்றோல் விட்டன், மூண்டாவது இழுவையில பிடிச்சிட்டுது. பெற்றோல் ரியூப் மட்டும் கொஞ்சம் ஊதியிருக்கு, மாத்தோணுமோ?

பழைய மெக்கானிக்:
மாத்தும். பழசைக் கொண்டுபோய்க் காட்டி அதே அளவில வாங்கும்.